ஸ்லாட்டில் உட்கார்ந்தால் போதுமா?

பழைய கம்ப்யூட்டருக்கு ஹார்டு டிஸ்க் கார்டு (டிஸ்கை மதர்போர்டோடு இணைக்கும் கார்டு) தேடி என் கடைக்கு வருகிறவர்கள் அநேகமாக செல்போனில் ஒரு படத்தோடு வருகிறார்கள். "இது அந்த ஸ்லாட்டில் உட்காருமா?" என்று கேட்கிறார்கள். பெரும்பாலும் உட்காரும். அதோடு வேலை முடிவதில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

பவர் போட்டவுடன் பழைய பிசியின் பயாஸ், அதாவது மதர்போர்டில் முதலில் ஓடும் அடிப்படை நிரல், நினைவகத்தில் சி8000 என்ற முகவரியிலிருந்து (இந்தப் பதிவில் முகவரிகள் எல்லாம் பதினாறடிமான எண்கள்) இரண்டு கிலோபைட்டுக்கு ஒருமுறை நின்று நின்று பார்த்துக்கொண்டே போகிறது. ஓரிடத்தில் 55, ஏஏ என்ற இரண்டு பைட்டுகள் அடுத்தடுத்து இருந்தால் அங்கே ஒரு கார்டின் ரோம் (நிரல் எழுதிய சிப்) இருக்கிறது என்று புரிந்துகொள்கிறது. மூன்றாவது பைட் அந்த ரோமின் நீளத்தைச் சொல்கிறது. எல்லாப் பைட்டுகளையும் கூட்டினால் கடைசி எட்டு பிட் சுழியாக வர வேண்டும். வந்தால் கட்டுப்பாட்டை அந்த ரோமிடம் ஒப்படைக்கிறது. டிஸ்கைக் கண்டுபிடிப்பதும் பூட் செய்வதும் அதன்பிறகு அந்தக் கார்டின் பொறுப்பு. ரோம் இல்லாத கார்டு என்றால் மதர்போர்டின் பயாஸ் தனக்குத் தெரிந்ததை வைத்துத்தான் டிஸ்கோடு பேச வேண்டும். அந்த அறிவு அது தயாரான வருடத்தோடு நின்றுவிட்டது. அதனால் எந்தக் கார்டு கைக்கு வந்தாலும் நான் முதலில் தேடுவது ரோம் சிப்பை. அது இல்லையென்றால் 28 கால் கொண்ட காலி சாக்கெட்டாவது இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

(இந்தத் தேடல் ஐபிஎம் பிசியிலேயே ஆரம்பத்தில் சரியாக இல்லை. 5150 மாடலில் 1982 அக்டோபர் 27 தேதியிட்ட பயாஸ் வந்த பிறகுதான் கார்டு ரோம்கள் வேலை செய்தன. அதற்கு முந்தைய பயாஸ் உள்ள 5150 கிடைத்தால் முதலில் பயாஸ் சிப்பை மாற்றுங்கள். கார்டைக் குறை சொல்ல வேண்டாம்.)

என் கடை கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறது. பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் கடைவீதியில் பாதிப் பேச்சு தமிழ். வேலந்தாவளம் வழியாகப் போனால் கோவை. கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகள் ஒரு பக்கம், சித்தூரின் நெல்வயல்களும் அரிசி ஆலைகளும் மறுபக்கம். இந்த ஆலைகளிலும் எடைமேடைகளிலும் 386, 486 இயந்திரங்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றை யாரும் ஆசைக்காக வைத்திருக்கவில்லை. லாரி வந்து நின்றால் எடைச்சீட்டு அடித்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்படி ஒரு ஆலையின் எடைமேடை இரண்டாம் போக அறுவடை தொடங்கும் நேரத்தில் நின்றுபோனது. உள்ளே 386எஸ்எக்ஸ் மதர்போர்டு, டிஸ்க், சீரியல், பிரின்டர் முனைகள் சேர்ந்த ஒரு மல்டி ஐஓ கார்டு, 40 எம்பி ஐடிஇ டிஸ்க் (40 கால் கேபிளில் இணையும் வகை). டிஸ்க் சுழலவே இல்லை. ஆலைக்காரர் என் அப்பா காலத்திலிருந்து பழக்கம்.

"அம்மிணி, புதுக் கம்ப்யூட்டரே வாங்கிவிடலாம். நெல் வண்டிகள் வரிசையில் நிற்கின்றன" என்றார்.

"அண்ணா, கம்ப்யூட்டர் புதிதாக வரும். எடை புரோகிராம் எங்கிருந்து வரும்?" என்று கேட்டேன்.

அந்த டாஸ் புரோகிராமை எழுதியவர் இப்போது தொழிலில் இல்லை. பிரின்டர் போர்ட்டில் ஒரு பூட்டு செருகியிருந்தால்தான் அது திறக்கும். எடைமேடையின் டிஸ்ப்ளே பெட்டி சீரியல் போர்ட் வழியாக எடையை அனுப்புகிறது. புரோகிராம் அதை 3எஃப்8 முகவரியில், ஐஆர்க்யூ 4இல் (கார்டு பிராசசரைக் கூப்பிடும் கம்பியின் எண்) மட்டும் எதிர்பார்க்கிறது. பேக்கப் பிளாப்பிகளை அண்ணா விபூதிப் பையோடு சேர்த்து இரும்புப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார், அந்தப் புண்ணியத்தில் புரோகிராம் தப்பியது. இனி வேண்டியது ஒரு டிஸ்க். சுழலும் பழைய டிஸ்கை மறுபடி நம்ப எனக்கு மனமில்லை, காம்பாக்ட்ஃபிளாஷ் கார்டு போடலாம் என்று முடிவு செய்தேன். இந்தக் கார்டுகளுக்கு உண்மையான ஐடிஇ டிஸ்காகவே நடந்துகொள்ளும் ஒரு முறை உண்டு. ஆகவே இடையில் போடும் அடாப்டரில் பெரும்பாலும் கம்பிப் பாதையைத் தவிர வேறெதுவும் இருக்காது. மலிவு.

தடை வந்தது பயாஸிடமிருந்து. இந்த 386இன் பயாஸில் டிஸ்க் வகைகளின் அட்டவணை ஒன்று இருக்கிறது, 1 முதல் 46 வரை. பிற்பாடு வந்த பயாஸ்களில் 47ஆம் வகை உண்டு, அதில் சிலிண்டர், ஹெட், செக்டர் எண்ணிக்கையை நாமே எழுதிக்கொள்ளலாம். இதில் அது இல்லை. இறந்துபோன டிஸ்க் 17ஆம் வகையாகப் பதிவாகியிருந்தது: 977 சிலிண்டர், 5 ஹெட், 17 செக்டர். சில காம்பாக்ட்ஃபிளாஷ் கார்டுகள் அந்தக் கணக்குக்கு ஒத்துப்போகும், சில ஒத்துப்போகாது. என் கையில் இருந்தவை ஒத்துப்போகவில்லை.

47ஆம் வகை இருந்தாலும் முழுச் சுதந்திரம் கிடைப்பதில்லை. 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர் என்பதுதான் அந்தக் கால பயாஸும் ஐடிஇயும் சேர்ந்து விட்டுவைத்த எல்லை. 512 பைட்டால் பெருக்கினால் 52,84,82,304 பைட். இதைத்தான் 504 எம்பி எல்லை என்கிறோம், டிஸ்க் கம்பெனிகள் 528 என்று எழுதும். எடைச்சீட்டு புரோகிராமுக்கு இரண்டு எம்பி போதும். கொள்ளளவு எங்களுக்குப் பிரச்சினையே இல்லை. பயாஸும் டிஸ்கும் ஒரே கணக்கில் பேச வேண்டும், அதுதான் தேவை.

இதற்கு உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் சேர்ந்து ஒரு வழி செய்து வைத்திருக்கிறார்கள். எக்ஸ்டி-ஐடிஇ யுனிவர்சல் பயாஸ் என்று பெயர், திறந்த மூல மென்பொருள். ஒரு ரோம் சிப்பில் எழுதி, பயாஸ் தேடிப் பார்க்கும் இடத்தில் அது தெரியும்படி வைத்துவிட்டால் டிஸ்கின் முழுப் பொறுப்பையும் அதுவே ஏற்கிறது. முதல் பிசிகளின் 8088 பிராசசருக்கு ஒரு பதிப்பு, 286 முதல் மேலே ஒரு பதிப்பு, 386க்கு ஒரு பதிப்பு. மதர்போர்டின் செட்டப்பில் ஹார்டு டிஸ்க் இல்லை என்று பதிந்துவிட வேண்டும். இந்த மென்பொருளை எழுதியவர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். எங்கள் வட்டாரத்தில் பல இயந்திரங்கள் அவர்களால்தான் ஓடுகின்றன.

அந்த ரோமை எங்கே செருகுவது? ஐஎஸ்ஏ என்ற பழைய வகை ஸ்லாட்டுக்கான நெட்வொர்க் கார்டில்! டிஸ்க் இல்லாத கம்ப்யூட்டரை நெட்வொர்க் வழியே பூட் செய்வதற்காக அந்தக் கார்டுகளில் பூட் ரோம் சாக்கெட் வைத்தார்கள். அநேகமாக எல்லாரும் அதைக் காலியாகவே விட்டுவிட்டார்கள். பாலக்காட்டில் எனக்குப் பழக்கமான ஆக்கிரிக் கடையில் (பழைய சாமான் கடை) அப்படிப்பட்ட கார்டுகள் கிலோக் கணக்கில் கிடந்தன. பக்கத்தில் பிஎன்சி முனை, மேலே ரியல்டெக் 8019ஏஎஸ் சிப், ஓரத்தில் 28 கால் சாக்கெட்.

"சேட்டா, இதைத் தங்கத்துக்காக உடைக்கக் கொடுக்காதீர்கள், எனக்கு வேண்டும்" என்றேன்.

"இன்டர்நெட் ஓடாதே சேச்சி, இதை வைத்து என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். விளக்கினேன். அன்றிலிருந்து காலி சாக்கெட் உள்ள கார்டு எது வந்தாலும் எனக்காக ஒரு அட்டைப்பெட்டியில் எடுத்து வைக்கிறார்.

இந்த வேலையில் கவனிக்க வேண்டியவற்றைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், தேடி வருகிறவர்களுக்கு உதவும்.

சிப்பாக நான் எடுப்பது 27சி256, 32 கிலோபைட். எழுத வேண்டிய பயாஸ் பைல் 8 கிலோபைட். அதையே நான்கு முறை அடுத்தடுத்து நிரப்பி எழுதுகிறேன். கார்டு மேல் முகவரிக் கம்பிகளை எப்படி இணைத்திருந்தாலும், நான்கில் எந்தப் பகுதி தெரிந்தாலும் ஒரே பயாஸ்தான் தெரியும். எழுதும் முன் அதனோடு வரும் அமைப்பு நிரலில் திறந்து சேமித்தால் கூட்டுத்தொகைப் பைட்டை அது சரிசெய்துவிடும். இதை விட்டுவிட்டால் 55, ஏஏ முத்திரை இருந்தும் மதர்போர்டு ரோமை ஏற்காது. எழுதுவதற்கு டிஎல்866 புரோகிராமர் போதும். கண்ணாடி ஜன்னல் உள்ள சிப்பை அழிக்கப் புற ஊதா விளக்கு வேண்டும். நேரடி வெயிலில் வைத்தாலும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் அழிந்துவிடும் என்று சிப் தயாரிப்பாளர்களின் தாள்களே சொல்கின்றன. எங்கள் ஊர் மார்ச் வெயிலைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. எழுதி முடித்ததும் ஜன்னல்மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள்.

8019 சிப் உள்ள கார்டுகளில் பெரும்பாலும் ஜம்பர் (அமைப்பை மாற்றும் சிறு செருகி) இருக்காது. அதற்கான டாஸ் நிரலில் போய்ப் பூட் ரோமை இயக்கி, முகவரியை டி0000 போன்ற காலி இடத்தில் வைக்க வேண்டும். சி0000 முதல் சி7எஃப்எஃப்எஃப் வரை விஜிஏ கார்டின் ரோம் இருக்கிறது, அந்தப் பக்கம் போகக் கூடாது. முகவரிகளைத் தானாக ஒதுக்கும் பிளக் அண்ட் பிளே முறையில் விடாமல் நிலையான அமைப்பில் வையுங்கள். 386 பயாஸுக்கு பிளக் அண்ட் பிளே தெரியாது.

அடுத்தது கார்டின் சொந்த ஐஓ முகவரி. நெட்வொர்க்குக்கு அதைப் பயன்படுத்தப் போவதில்லை என்று அலட்சியமாக இருக்க முடியாது. இந்தக் கார்டு 32 முகவரிகளை ஆக்கிரமிக்கும். 360இல் வைத்தால் 37எஃப் வரை அதன் எல்லைக்குள் வரும். பிரின்டர் போர்ட் இருப்பது 378இல். பூட்டு வேலை செய்யாது, எடை புரோகிராம் திறக்காது, டிஸ்க் மட்டும் அழகாகப் பூட் ஆகும். தவறு எங்கே என்று யாருக்கும் தோன்றாது. 300இல் வையுங்கள், ஐஆர்க்யூவை 3இலோ 4இலோ வைக்காதீர்கள், அவை சீரியல் போர்ட்டுகளுடையவை. டாஸின் நினைவக மேலாளரான இஎம்எம்386 போட்டிருந்தால் ரோம் இருக்கும் பகுதியை விலக்கச் சொல்லி ஒரு வரி சேர்க்க வேண்டும்.

அண்ணாவின் ஆலையில் அந்தக் கார்டும், பழைய மல்டி ஐஓ கார்டும், 2 ஜிபி காம்பாக்ட்ஃபிளாஷும் சேர்ந்து ஓடுகின்றன. டாஸ் 6.22 பார்ட்டிஷனுக்கு 2 ஜிபிதான் உச்சம், அதற்குமேல் வாங்கித் தந்தும் பலனில்லை.

ஐடிஇக்கு முந்தைய காலத்து இயந்திரம் என்றால் பேச்சு வேறு. 1983இல் வந்த ஐபிஎம் எக்ஸ்டியின் 10 எம்பி டிஸ்க் போன்றவற்றில் 34 கால் கேபிள் ஒன்றும் 20 கால் கேபிள் ஒன்றும் இருக்கும். டிஸ்கில் எழுதும் முறை எம்எஃப்எம் என்றால் ஒரு தடத்துக்கு 17 செக்டர், ஆர்எல்எல் என்றால் 26. இங்கே டிஸ்கையும் கார்டையும் பிரிக்கவே கூடாது. தரவை எழுதுவதும் படிப்பதும் கார்டின் வேலை, டிஸ்க் வெறும் காந்தத் தட்டும் மோட்டாரும்தான். ஒரு கம்பெனிக் கார்டில் ஃபார்மேட் செய்த டிஸ்கை இன்னொரு கம்பெனிக் கார்டு பொதுவாகப் படிக்காது. மீண்டும் ஃபார்மேட் செய்தால் இடம் கிடைக்கும், உள்ளே இருந்தது போய்விடும். பழைய சாமான் விற்கிறவர்கள் கார்டைத் தனியாகவும் டிஸ்கைத் தனியாகவும் விற்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதறுகிறது. ஒரு குடும்பத்தின் கணக்கோ, ஒருவர் எழுதி வைத்த கடிதங்களோ அந்த ஜோடிக்குள் இருக்கலாம். விற்பதானால் இரண்டையும் ஒரு கயிற்றில் கட்டி விற்றுவிடுங்கள்.

40 கால் முனை இருந்தாலே ஐடிஇ என்றும் நம்ப முடியாது. எக்ஸ்டி காலத்து எட்டு பிட் ஐடிஇ டிஸ்குகள் சில இருந்தன. அதே 40 கால், அதே கேபிள், மொழி வேறு. 286 முதலான ஏடி வகைக் கார்டில் அவை ஓடாது. சீகேட் எஸ்டி-351ஏ/எக்ஸ் போன்ற ஒன்றிரண்டு மாடல்கள் மட்டும் ஜம்பரை மாற்றினால் இரண்டு பக்கமும் ஓடும். கிடைத்தால் விடாதீர்கள்.

486 காலத்தில் ஐஎஸ்ஏவைவிட வேகமாக வந்த வெசா லோக்கல் பஸ் கார்டுகள் நீளமானவை, பார்க்கவே கம்பீரம். டிரைவர் இல்லாவிட்டாலும் பெரும்பாலானவை சாதாரண ஐடிஇ கார்டாக ஓடிவிடும். பஸ் வேகம் 33 மெகாஹெர்ட்ஸ் என்றால் கவலை இல்லை. 40, 50 என்று போனால் இரண்டு மூன்று கார்டுகளைச் சேர்த்துச் செருகும்போது தடுமாறும். மற்றபடி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

அதன்பிறகு பரவிய பிசிஐ ஸ்லாட்டில் ஒரு எச்சரிக்கை அவசியம். 1990களின் நடுவில் பல போர்டுகளிலும் கார்டுகளிலும் வந்த சிஎம்டி640, ஆர்இசட்1000 என்ற இரண்டு ஐடிஇ சிப்களில் பிழை உண்டு. தரவைச் சத்தமில்லாமல் கெடுக்கும். லினக்ஸ் கெர்னலில் இதற்காகவே தனி மாற்றுவழி எழுதி வைத்தார்கள். டாஸிலோ பழைய விண்டோஸிலோ அந்தச் சிப்பை நம்பிக் கணக்கு வைக்க வேண்டாம். அப்படிப்பட்ட போர்டு என்றால் போர்டிலுள்ள ஐடிஇயை நிறுத்திவிட்டு பிராமிஸ் அல்ட்ரா66 அல்லது அல்ட்ரா100 கார்டு ஒன்றைப் போடுவேன். சொந்த ரோம் உள்ளவை. பயாஸ் அவற்றை ஸ்கஸி (ஐடிஇ அல்லாத வேறொரு டிஸ்க் இணைப்பு முறை) என்று எடுத்துக்கொள்ளும், ஆகவே பூட் வரிசையில் ஸ்கஸியை முன்னால் வைக்க வேண்டும். ஐடிஇக்குப் பின் வந்த சாட்டா டிஸ்க்தான் வேண்டும் என்பவர்களுக்கு சிலிக்கான் இமேஜ் 3112 கார்டு. விண்டோஸ் 98க்கும் அதற்கு டிரைவர் உண்டு. வாங்கும் முன் கார்டின் பல்வரிசையில் உள்ள வெட்டுகளைப் பாருங்கள். பென்டியம் போர்டுகளின் ஸ்லாட் ஐந்து வோல்ட். இரண்டு வெட்டு இருந்தால் இரண்டு வகை ஸ்லாட்டிலும் உட்காரும். மூன்று வோல்ட்டுக்கு மட்டுமான வெட்டு இருந்தால் உட்காராது, அரத்தை எடுத்து ராவவும் கூடாது.

ஸ்கஸி எனக்குப் பிடித்தமான வழி. அடாப்டெக் ஏஎச்ஏ-1542 கார்டு ஐஎஸ்ஏவிலேயே தானாக நினைவகத்தோடு பேசும், சொந்த ரோம் கொண்டது, பயாஸின் டிஸ்க் அட்டவணையைப் பற்றி அதற்குக் கவலையே இல்லை. சாதாரணமாக ஐஓ முகவரி 330, ஐஆர்க்யூ 11, நினைவகத்தோடு நேரடியாகப் பேசும் டிஎம்ஏ தடம் 5, ரோம் டிசி000இல். ஐஎஸ்ஏவில் முகவரிக் கம்பிகள் 24தான் என்பதால் 16 எம்பிக்கு மேல் உள்ள ராமை நேரடியாக அதனால் தொட முடியாது. கேபிளின் இரண்டு முனையிலும் டெர்மினேட்டர் (சிக்னல் எதிரொலிக்காமல் தடுக்கும் மின்தடைகள்) வேண்டும், நடுவில் கூடாது. ஓடுகிறது, நிற்கிறது, மறுபடி ஓடுகிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது அந்த முனைகளைத்தான்.

ஜம்பர் விவரம் தெரியாமல் ஒரு கார்டு கைக்கு வந்தால் பின்பக்கம் எஃப்சிசி எண் (அமெரிக்க அரசின் தொடர்பு ஆணையப் பதிவு எண்) இருக்கிறதா என்று பாருங்கள். யார் செய்தது என்பதை அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். டோட்டல் ஹார்ட்வேர் 99 என்ற பழைய தொகுப்பில் ஆயிரக்கணக்கான கார்டுகளின் ஜம்பர் படங்கள் இருக்கின்றன. எங்கள் பக்கத்து அலுவலக இயந்திரங்களில் மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் தயாரித்த ஜிஸ்ட் கார்டும் ஒரு ஸ்லாட்டில் இருக்கும். டாஸில் மலையாளமும் தமிழும் தெரிவது அதனால்தான். புதுக் கார்டுக்கு ஸ்லாட் இல்லை என்று அதைக் கழற்றி வீசியவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

ஜூனில் மழை பிடித்துவிட்டால் தங்கப் பற்களில் பச்சை படரும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, வெள்ளை ரப்பரால் மெல்லத் தேய்த்து, உலர்ந்த பிறகு செருகுங்கள். மதர்போர்டில் பீப்பாய் வடிவ நிக்கல் காட்மியம் பேட்டரி இருந்தால் இன்றே வெட்டி எடுங்கள். அது கசிந்து பக்கத்து ஸ்லாட்டின் கம்பிகளை அரித்திருந்தால் எந்தக் கார்டும் பொருந்தாது.

இப்போது ஒரு எக்ஸ்டிக்காகத் தேடிக்கொண்டிருக்கிறேன். எட்டு பிட் பிளாப்பி கார்டு வேண்டும், ஆனால் 500 கிலோபிட் வேகம் தாங்க வேண்டும், சொந்த ரோமும் இருக்க வேண்டும். எக்ஸ்டியின் அசல் கார்டு 250இல் நின்றுவிடுகிறது, 1.44 எம்பி பிளாப்பியைப் படிக்காது. பாலக்காடு, பொள்ளாச்சி, கோவைப் பக்கம் யாரிடமாவது குட்டையான பழைய கார்டு ஒன்று, 34 கால் முனையும் ரோம் சிப்பும் சேர்ந்து கிடந்தால், எடைக்குப் போடுவதற்கு முன் இரண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்புங்கள். விலை பேசிக்கொள்ளலாம்.